கடைசி பெஞ்சில் ஓர் இடம்

கறார் டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு நுனி வரைக்கும் போக அதற்கு ஏது பொறுமை? அதற்கு முன்பே வாய் வழியாக வெளியே வந்துவிடும். வந்த கையோடு ஆறியும் போகும், அது வேறு விஷயம். ஆனால் ஆறுவதற்குள் எதிரே நிற்பவர் வாடி வதங்கியிருப்பார்.

பேருந்துப் பணிமனையை ஒட்டிய பள்ளிக்கூடம் அது. டீச்சரின் வீட்டுக்காரருக்கு அந்தப் பணிமனையில்தான் மெக்கானிக் வேலை. மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் இன்ஜினை உறும விட்டுப் பார்ப்பார், இந்தப் பக்கம் டீச்சர் கணக்கு நடத்துவார். இரண்டில் எது அதிகச் சத்தம் என்பதில் பிள்ளைகளுக்குள் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. டீச்சர் வேலைக்குச் சேர்ந்ததும் இங்கேதான், கண்ணாடி போட்டதும் இங்கேதான், தலை நரைத்ததும் இங்கேதான். ‘கறார்’ என்று பிள்ளைகள் வைத்த பட்டம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டியதில் உள்ளூர ஒரு பெருமை வேறு.

இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. எந்த வகுப்பறைக்குப் போனாலும் கடைசி பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருக்கும். முன்னால் எவ்வளவு நெருக்கியடித்தாலும் பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் உட்கார மாட்டார்கள். அது ஆசிரியருக்கான இடம். பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அல்ல, பாடம் கேட்க வரும் ஆசிரியருக்கு.

இதை ஆரம்பித்து வைத்தது கறார் டீச்சர்தான். பெரிய யோசனையெல்லாம் பண்ணி ஆரம்பிக்கவில்லை, தாங்க முடியாத எரிச்சலில் ஆரம்பித்தார். வேலைக்கு வந்த புதிது. பின்ன வகுத்தல் நடத்துகிறார், நடத்துகிறார், நடத்திக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகளும் “புரிஞ்சுது டீச்சர்” என்று கோரஸ் பாடுகிறார்கள். பரீட்சை வைத்தால் வகுப்பே குப்புற விழுகிறது. மறுபடி நடத்தி மறுபடி வைத்தார், மறுபடியும் குப்புற. அன்றைக்கு விடைத்தாள் கட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நேரே எதிர் வகுப்புக்குப் போனார். அங்கே அறிவியல் நடத்துபவர் லேப் சார். ஆய்வகச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர்.

“சார், நாளைக்கு என் வகுப்புல வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க. பசங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து பொய் சொல்றாங்க. நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க.”

வந்தார். முட்டி பெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். பக்கத்துப் பையனிடம் ஒரு பென்சிலை இரவல் வாங்கி, எல்லாரோடும் சேர்ந்து கணக்குப் போட்டார். மணி அடித்த பிறகு ஆசிரியர் அறையில் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

“டீச்சர், ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்னு சொன்னீங்க பாருங்க. எதுக்குத் திருப்பணும்? நான் அந்த ஸ்டாப்லேயே இறங்கிட்டேன். உங்க பஸ் பாட்டுக்குப் போயிட்டே இருந்துச்சு.”

“அது ரூல் சார்.”

“யார் போட்ட ரூல்?”

டீச்சர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன் நடந்ததில்லை. திருப்பு என்றார்கள், திருப்பினார், முழு மார்க் வாங்கினார், வேலையும் கிடைத்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் பாட்டிலும் குடமுமாக உட்கார்ந்தார். மூன்று லிட்டர் தண்ணீரில் அரை லிட்டர் பாட்டில் எத்தனை நிரப்பலாம்? லிட்டருக்கு இரண்டு, ஆக மூன்றை இரண்டால் பெருக்க வேண்டும். மறுநாள் அந்தக் குடத்தை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு போனார். தரையெல்லாம் தண்ணீர். ஆனால் வகுப்பு பிழைத்துக்கொண்டது. அடுத்த வாரம் லேப் சார் வகுப்பின் கடைசி பெஞ்சில் டீச்சர் போய் உட்கார்ந்தார். “ஐயோ, வேணாம் டீச்சர்” என்று அவர் கெஞ்சியது எடுபடவில்லை.

அப்படியே ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டார்கள். சட்டதிட்டங்களும் தானாக வந்து சேர்ந்தன. பேனா கூடாது, பென்சில்தான். பேனா திருத்த வந்தவருடையது, பென்சில் படிக்க வந்தவருடையது. பிள்ளைகள் செய்வதையெல்லாம் செய்ய வேண்டும். பிறகு டீ குடிக்கும்போது எந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன் என்று மட்டும் சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது. “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லார் டம்ளரையும் அவர்தான் கழுவ வேண்டும். பாடம் நடத்தியவரும் “ஏன் புரியல?” என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் புரியாதவர்தான் கூனிக் குறுக வேண்டும். “எந்த இடத்துல?” என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் வேலை, பாடம் நடத்தியவர் தலையில் விழும். அது அங்கேதானே விழ வேண்டும்?

பக்கத்தில் பென்சிலோடு திணறும் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் “புரியல டீச்சர், இந்த இடத்துல” என்று வாய் திறக்க ஆரம்பித்தார்கள். டீச்சரும் இந்த வேலைக்கு வந்த நாளாகப் போகாத பயிற்சி முகாம் இல்லை, வாங்காத சான்றிதழ் இல்லை. அதெல்லாம் மடித்து வைத்தபடி வீட்டில் பீரோ ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. சொல்லிக்கொடுப்பதைப் பற்றித் தெரிந்துகொண்டது பூராவும் முட்டி இடிக்கும் அந்தப் பெஞ்சில்தான் என்று அவரே சொல்வார்.

போன வருடம் மொழிப் பாடத்துக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ‘புதுசு’ என்று ஆசிரியர் அறையில் கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் யாரைப் பார்த்தாலும் பயம், எந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தாலும் “சூப்பரா இருந்துச்சு” என்ற ஒரே பாட்டு. டம்ளர் கழுவிக் கழுவி அவள் கை வெளுத்துப் போனது.

“உனக்கு எந்த இடத்துலயுமே புரியாமப் போகாதாம்மா?” என்று கறார் டீச்சர் அதட்டினால், “டம்ளரைக் கொடுங்க டீச்சர்” என்று வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அவள் வகுப்பு அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. குரல் கடைசி வரிசைக்கு வந்து சேர்வதற்குள் செத்துவிடும். ஆனால் பிள்ளைகள் எழுதியதைக் கீழே வைக்காமல் படிப்பாள். டீச்சருக்கு அது போதும். மற்றதெல்லாம் வரும், கதவு திறந்திருந்தால் போதும் என்பது அவர் கட்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தலைமை ஆசிரியர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறவிருந்தார். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் மேலும் கீழும் தலையாட்டுவார் என்பதால் தலையாட்டி சார். அடுத்த முறை கறார் டீச்சருடையது. மூப்புப்படி பார்த்தாலும் அவர்தான், வேலைப்படி பார்த்தாலும் அவர்தான். டீச்சருக்கு அந்த நாற்காலி மேல் ஆசை இல்லையா என்றால், இருந்தது. நன்றாகவே இருந்தது. ஒழுகுகிற கூரையை எந்த மூலையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது வரைக்கும் மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தார். மாடி வீட்டில் குடியிருந்த நாத்தனார் அதற்குள் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. “எங்க அண்ணிதான் அடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ்!” காய்கறிக் கடைக்காரர் எடை போடும்போது “வாங்க ஹெட் டீச்சர்” என்று சொல்லும் அளவுக்கு அது பரவியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு பயிற்சி அதிகாரி வந்தார். எதைக் கேட்டாலும் சுவரில் படம் போட்டே பதில் சொல்வார். வந்த மறுநாளே ஸ்லைடு சார் ஆகிவிட்டார். கெட்டவர் இல்லை. சிரித்த முகம், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. கடைசி பெஞ்சுப் பழக்கத்தைக் கேள்விப்பட்டு அசந்துபோனார்.

“பிரமாதம் டீச்சர்! தொழில்முறைக் கற்றல், தொழில்முறைக் கற்றல்னு நாங்க கத்திக்கிட்டே இருக்கோம். நீங்க சத்தமே இல்லாமப் பண்ணிட்டு இருக்கீங்க. இதை எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போகப் போறேன்.”

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் என்ன, அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை.

அடுத்த ஸ்லைடில்தான் வந்தது வினை. கடைசி பெஞ்சில் உட்காருபவர் இனிமேல் மார்க் போட வேண்டும். குரலுக்கு இவ்வளவு, கரும்பலகைக்கு இவ்வளவு, வகுப்பு அமைதிக்கு இவ்வளவு. மொத்தம் குறைந்தவர்களுக்கு மறுபயிற்சி, இடமாற்றம். நிரந்தரமாகாதவர்கள் என்றால் வேலை நீட்டிப்பு இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் போடும் பொறுப்பு கறார் டீச்சருக்கு.

“முதல்ல அந்தப் புதுப் பொண்ணோட வகுப்பு,” என்றார் ஸ்லைடு சார் தனியாகக் கூப்பிட்டு. “நீங்க மார்க் போடுறதை நாங்க வந்து பார்ப்போம். தலைமைப் பொறுப்புக்கு உங்க பேர்தான் முதல்ல இருக்கு. இதைச் செஞ்சு காட்டிட்டா யாரும் வாயைத் திறக்க முடியாது.”

“செஞ்சு காட்டலைன்னா?”

ஸ்லைடு சார் சிரித்தார். பக்கத்தில் இருந்த தலையாட்டி சார், யாரும் எதுவும் கேட்காதபோதே மேலும் கீழும் தலையாட்டினார்.

சுற்றறிக்கை வந்த மறுநாள் காலை டீச்சர் தாழ்வாரத்தில் நடந்து போனார். வரலாறு நடத்துபவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அடுத்த அறையிலும் அந்தச் சத்தம். அதற்கடுத்ததிலும். எந்த வகுப்புக் கதவையும் யாரும் சாத்திப் பழக்கம் இல்லாத பள்ளிக்கூடம் அது. துருப்பிடித்த தாழ்ப்பாள்கள் கிறீச்சிட்டுக்கொண்டு விழுந்தன. கடைசியில் லேப் சாரின் கதவு. அதுவும் சாத்தியிருந்தது.

இடைவேளையில் அவரைப் பிடித்தார்.

“நீங்களுமா சார்?”

“உங்க மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல டீச்சர்.” லேப் சார் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்தார். “எனக்கு மின்சாரப் பாடம் இன்னைக்கும் சரியா வராது. உங்களுக்கே தெரியும், நீங்கதான் சொன்னீங்க. அதை உங்ககிட்ட மறைக்காம இத்தனை வருஷம் நடத்தினேன். இனிமே வரும்னு தெரிஞ்ச பாடத்தை மட்டும்தான் கதவைத் திறந்து வச்சு நடத்துவேன். மார்க் போட வர்றவங்ககிட்ட யாராவது புண்ணைக் காட்டுவாங்களா?”

அந்த மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

வீட்டில் அன்றைக்குப் பாத்திரங்கள் எல்லாம் சத்தம் போட்டன. நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“என்ன அண்ணி, ஒரு மார்க்தானே? அந்தப் பொண்ணு என்ன உங்க சித்தி மகளா, பெரியம்மா மகளா? அவளுக்கு வேற வேலை கிடைக்காதா? இதுக்காக வர்ற நாற்காலியை யாராவது எட்டி உதைப்பாங்களா?”

“அவ ஒருத்திக்காக இல்லடி. அவளுக்கு நான் மார்க் போட்டேன்னு வை, அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துல ஒருத்தராவது ‘எனக்கு இது வரல’ன்னு என்கிட்ட வந்து நிப்பாங்களா? சாத்தின கதவுக்கெல்லாம் நான் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து என்ன பண்ண?”

“நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனே அண்ணி!”

“அந்த நாலு பேரையும் நீயே போய் நாற்காலில உக்கார வை.”

வீட்டுக்காரர் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

“உனக்கு அந்தப் பதவி வேணும்தானே?” என்றார்.

“வேணும்.” டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “ரொம்ப வேணும். அதான் இவ்வளவு எரிச்சல்.”

“எங்க பட்டறையில ஒருத்தன் போல்ட்டைச் சரியா முடுக்கலைன்னா என்கிட்ட வந்து சொல்லுவான். சொன்னதுக்கு நான் சம்பளத்தைப் பிடிச்சேன்னா அடுத்த தடவை சொல்ல மாட்டான். பஸ் போய் மரத்துல நிக்கும்.” அவ்வளவு நீளமாகப் பேசிவிட்டதில் அவருக்கே கூச்சம் வந்து, எழுந்து கை கழுவப் போனார்.

அதிகாரிகள் வரும் நாளும் வந்தது. ஸ்லைடு சார் தன்னோடு இன்னும் இருவரை அழைத்து வந்திருந்தார். புதுசு ஆசிரியர் அறையில் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கறார் டீச்சர் அவள் எதிரில் போய் நின்றார்.

“எழுந்திரு. பென்சில் வச்சிருக்கியா?”

“டீச்சர், என் வகுப்புக்கு இன்னும் நேரம்...”

“உன் வகுப்பு இன்னைக்கு இல்ல. என் வகுப்பு. வா, வந்து கடைசி பெஞ்சுல உக்காரு.”

தாழ்வாரத்தில் லேப் சாரின் கதவைப் படபடவென்று தட்டினார். “சார், பென்சிலோட வாங்க. எனக்குச் சுத்தமா வராத பாடம் ஒண்ணு நடத்தப் போறேன். வேடிக்கை பாக்க வேணாமா?” சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் திறந்தன.

ஸ்லைடு சாருக்குத் தலைகால் புரியவில்லை. “டீச்சர், இன்னைக்கு நீங்க மார்க் போடணும், பாடம் எடுக்கறது...”

“மார்க் நான் போட மாட்டேன் சார். உங்களுக்குப் போட்டே ஆகணும்னா எனக்குப் போடுங்க. உக்காருங்க.”

மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ். அதுதான் பாடம். வருடா வருடம் நடத்துகிறார், வருடா வருடம் தோற்கிறார். விதியாகச் சொல்லிவிட்டுத் தப்பிப்பது சுலபம். ஆனால் குடத்துத் தண்ணீரில் கற்ற பாடத்துக்குப் பிறகு விதியைச் சொல்லித் தப்பிக்க அவருக்கு நாக்கு கூசும். அதனால் ஒவ்வொரு வருடமும் ஒரு புது வழியில் இறங்கிப் புது வழியில் மாட்டிக்கொள்வார். இந்த வருடம் நடந்து காட்டுவது என்று முடிவு.

“இதோ பாருங்க. ஜன்னலைப் பார்த்து நிக்கிறது பிளஸ். கதவைப் பார்த்துத் திரும்பிக்கிட்டா மைனஸ். முன்னால நடக்கறது பிளஸ், பின்னால நடக்கறது மைனஸ். இப்ப நான் கதவைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன், மைனஸ். அப்படியே பின்பக்கமா நடக்கறேன், அதுவும் மைனஸ். எந்தப் பக்கம் போறேன்?”

பின்பக்கமாக நடந்தவர் மேஜையில் போய் இடித்தார். சாக்பீஸ் டப்பா கவிழ்ந்து உருண்டது. வழக்கமான நாளாக இருந்தால் வகுப்பு கூரை பிய்ந்து போகச் சிரித்திருக்கும். அன்று ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பின்னால் பேனாவோடு மூன்று பேர் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கும் தெரியும். தங்கள் டீச்சருக்கு ஏதோ ஆபத்து என்று மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

“ஜன்னல் பக்கம்தானே போனேன்? அப்ப மைனஸும் மைனஸும் பெருக்கினா பிளஸ். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்!”

வகுப்பு முழுக்க ஒரே குரல். டீச்சருக்குச் சுரீர் என்றது. எத்தனையோ வருடம் கழித்து அந்தக் கோரஸ் திரும்பி வந்திருக்கிறது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளைகள் அவர் வயிற்றிலேயே அடித்துவிட்டார்கள். ஸ்லைடு சார் திருப்தியாக எதையோ குறித்துக்கொண்டார். சும்மா இருந்தால் போதும், நல்ல மார்க், பதவி, எல்லாம் கைக்கு வந்துவிடும். டீச்சர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு கை மேலே போனது.

“டீச்சர்,” என்றாள் புதுசு. “எனக்குப் புரியல.”

வகுப்பு மொத்தமும் பின்னால் திரும்பியது.

“எந்த இடத்துல?” என்றார் டீச்சர்.

“நீங்க திரும்புனது ஒரு மைனஸ், பின்னால நடந்தது ஒரு மைனஸ். அதெல்லாம் சரி. ஆனா அந்த ரெண்டையும் எதுக்குப் பெருக்கணும்? கூட்டினா என்ன? பெருக்கல் எங்கேயிருந்து வந்துச்சு? எனக்கு அங்கேயே பஸ் போயிடுச்சு டீச்சர்.”

கடைசி வரிசைக்கு வருமுன்பே செத்துவிடுகிற அந்தக் குரல் அன்றைக்குக் கரும்பலகை வரைக்கும் தெளிவாக வந்தது. டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் மனசுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தார்.

“தெரியல,” என்றார். “சத்தியமா எனக்குத் தெரியல. இந்தக் கேள்வியை நான் யோசிச்சதே இல்ல.”

“எனக்கும் அதே இடம்தான் டீச்சர்,” என்றது முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல். “எனக்கு அதுக்கும் முன்னாடியே டீச்சர், திரும்புன இடத்துல,” என்றது இன்னொன்று. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஆளுக்கொரு ஸ்டாப்பில் இறங்கியிருந்தார்கள். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. ஒரு பெண் எழுந்து வந்து தானே பின்பக்கமாக நடந்து காட்டி, அதே மேஜையில் இடித்துக்கொண்டாள். இப்போது எல்லாரும் சிரித்தார்கள். லேப் சார் பென்சிலால் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஸ்லைடு சார் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“டீச்சர், ஒரு பாடம் முழுக்க எடுத்து ஒருத்தருக்கும் புரியல. இதுக்கு நான் என்ன மார்க் போடறது?”

“எது வேணும்னாலும் போடுங்க சார். அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு உங்க தாள்ல எங்க இடம் இருக்குன்னு மட்டும் எனக்குக் காட்டுங்க. அவ இன்னைக்கு வரைக்கும் பயந்து பயந்து எல்லாரையும் பாராட்டிட்டு இருந்தா. இன்னைக்குத்தான் எனக்கு ஒரு உருப்படியான விஷயம் சொல்லிக்கொடுத்தா. இதுக்குப் பேர் கற்றல் இல்லன்னா, வேற எதுக்கு அந்தப் பேரை வச்சிருக்கீங்க?”

“இந்தப் பழக்கத்தை இதோட நிறுத்திடலாம்தானே சார்?” என்று ஸ்லைடு சார் கதவருகில் நின்ற தலைமை ஆசிரியரைக் கேட்டார்.

எல்லாரும் தலையாட்டி சாரைப் பார்த்தார்கள். தலை ஆடியது. ஆனால் மேலும் கீழும் இல்லை. இடமும் வலமுமாக, வேண்டாம் என்று ஆடியது. அவர் கழுத்துக்கு அப்படியும் திரும்பத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது. ஓய்வு பெறும் முன் புதுசின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

கறார் டீச்சருக்கு வந்த மார்க் ஊரிலேயே கடைசி. வகுப்பு அமைதிக்கு முட்டை. தலைமைப் பொறுப்புக்கு வெளியிலிருந்து ஒருவர் வருகிறார் என்று கோடை விடுமுறையில் தகவல் வந்தது. டீச்சர் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். அடக்கிக்கொண்டெல்லாம் அழவில்லை, வாய் விட்டு அழுதார். ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்றால் அழுகை வராமல் என்ன வரும்? நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். காய்கறிக் கடைக்காரர் மட்டும் “வாங்க ஹெட் டீச்சர்” என்பதை விடுவதாக இல்லை. டீச்சரும் திருத்தவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபோது வந்தவர் டீச்சரைவிட வயதில் நிறையவே சின்னவர். சுறுசுறுப்பான பெண். வந்ததும் கறார் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நிற்க வைக்காமல் உட்காரச் சொன்னார்.

“டீச்சர், உங்களைப் பத்திச் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க. நான் மறைக்க விரும்பல. எல்லா வகுப்புக்கும் நான் மார்க் போட்டு அனுப்பியாகணும்.”

“போடுங்க மேடம், அது உங்க வேலை. ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு முறை இருக்கு. கடைசி பெஞ்சுல உக்கார வர்றவங்க முதல்ல ஒரு பாடம் நடத்தணும், நாங்க வந்து உக்காருவோம்.”

“நான் பாடம் எடுத்தே வருஷக்கணக்கா ஆச்சு.”

“அப்ப கண்டிப்பா எடுத்தே ஆகணும்.”

“முடியாதுன்னா?”

“கதவு எல்லாம் சாத்தியிருக்கும் மேடம். தட்டினா திறப்பாங்க, நல்லாவும் நடத்துவாங்க. நீங்க பார்க்கறது எதுவும் நிஜமா இருக்காது.”

அந்தப் பெண் எழுந்து அலமாரியிலிருந்து ஓர் உலக உருண்டையை எடுத்துத் தூசி தட்டினார். “புவியியல் எடுக்கறேன்” என்றார். பென்சிலில் ஆரம்பித்து ‘ஏன் புரியல’ கூடாது என்பது வரைக்கும் சட்டதிட்டங்களை டீச்சர் அங்கேயே ஒப்பித்தார்.

கடைசி பெஞ்சில் கறார் டீச்சரும் புதுசும் லேப் சாரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூவர் கையிலும் பென்சில். புது மேடம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். உருண்டையைச் சுற்றினார், பகல் என்றார், இரவு என்றார். பிறகு கடல் நடுவே போகும் தேதிக் கோட்டுக்கு வந்தார். இந்தப் பக்கம் தாண்டினால் ஒரு நாள் கூடும், அந்தப் பக்கம் தாண்டினால் ஒரு நாள் குறையும். கடகடவென்று சொல்லிவிட்டு, உருண்டையைக் கீழே வைத்து, கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

கோரஸ் வரவில்லை. பிள்ளைகள் பலகையைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

கறார் டீச்சர் கையைத் தூக்கினார்.

“எனக்குப் புரியல மேடம்.”

“ஏன்...” என்று ஆரம்பித்த புது மேடம் சட்டென்று நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது, நடுவில் இரண்டு, பிறகு ஜன்னல் ஓரம் முழுக்க. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் உறுமிவிட்டு அணைந்தது. மேடம் உருண்டையை மறுபடி கையில் எடுத்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்த்தினார். எங்கோ ஓரிடத்தில் அந்த விரலும் நின்றுவிட்டது.

“எந்த இடத்துல?” என்றார் மெதுவாக.

“அப்படிக் கேளுங்க!” என்று கறார் டீச்சர் பெஞ்சில் ஓங்கித் தட்டினார். “இப்ப உங்க விரல் நிக்குதே மேடம், அதே இடத்துலதான்.”